‘முற்றுகையிடு’ என்ற ஒரே வினையை ஆறு மொழிகளில் பிடிப்பது எப்படி

ஐரோப்பிய வரலாற்றைப் பிரெஞ்சிலோ இத்தாலியனிலோ நேரடியாகப் படிக்க ஆரம்பித்தால், வகுப்பில் சொல்லிக்கொடுத்த ‘சாப்பிடு’, ‘போ’, ‘வாங்கு’ எல்லாம் ஓரமாகப் போய்விடும். முதல் அத்தியாயம் முடிவதற்குள் யாராவது ஏதாவது ஒரு கோட்டையை முற்றுகையிட்டிருப்பார்கள். அடுத்த அத்தியாயத்தில் இன்னொரு கோட்டை. இந்த வினை இல்லாமல் இடைக்கால வரலாற்றில் பத்து பக்கம் நகர முடியாது, ஆனால் எந்தத் தொடக்கநிலைப் பாடநூலிலும் இதற்கு அட்டவணை போட்டுத் தர மாட்டார்கள்.

லத்தீன் வழி வந்த ஆறு மொழிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியன், போர்ச்சுகீசியம், கத்தலான், ருமேனியன். அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள் என்பதுதான் என் கட்சி. ஒவ்வொரு மொழியிலும் இந்த வினை ஓரிரு இடத்தில்தான் வளைகிறது. அந்த வளைவை மட்டும் கவனித்து வைத்துக்கொண்டால் மற்ற வடிவங்கள் தானாக வரும். உங்களுக்கு ஒரு மொழிதான் வேண்டுமென்றால் அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் வேர் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில்தான் காட்டுகிறேன், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஜி, இ, ஐ, ஜே என்று வருவதெல்லாம் ஆங்கிலத்தில் நாம் சொல்லும் எழுத்துப் பெயர்கள். பிரெஞ்சுப் பகுதியில் வரும் ‘ஷ’வை (‘போந்திஷேரி’யில் தவிர) தொண்டை அதிரச் சொல்ல வேண்டும், நம் ‘ஷ’ மாதிரி வெறும் காற்றாக அல்ல.

வேரிலிருந்து தொடங்குங்கள்

லத்தீனில் ‘செதேரே’ என்றால் உட்கார்வது. அதன் முன்னால் ‘ஓப்’ சேர்ந்து ‘ஒப்சிதேரே’ ஆகும்போது எதிரே போய் உட்கார்ந்துகொள்வது, அதாவது ஊரைச் சுற்றி முகாம் போட்டு உள்ளே இருப்பவர்கள் பட்டினியில் விழும்வரை நகராமல் இருப்பது. சுவரில் ஏணி சாய்த்து நேரடியாகத் தாக்குவதற்கு லத்தீனில் வேறு வினை உண்டு, ‘ஒப்புக்னாரே’. சீசர் கி.மு. 52இல் அலேசியா என்ற ஊரில் செய்தது முதல் வகை: உள்ளே இருப்பவர்கள் வெளியே வராதபடி 11 ரோமானிய மைல் சுற்றளவில் ஒரு அரண் வளையம், வெளியிலிருந்து உதவிப் படை நுழையாதபடி 14 மைல் சுற்றளவில் இன்னொரு வளையம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ‘ஒப்சிதேரே’ பேச்சு வழக்கில் போர்க்களத்தை விட்டு இறங்கிவிட்டது. மனத்துக்குள் புகுந்து நகராமல் உட்கார்ந்திருக்கும் எண்ணத்தை ஆங்கிலத்தில் அப்செஷன் என்கிறோமே, அது இதே வினையின் பிள்ளைதான். பிரெஞ்சின் ‘ஒப்ஸேதே’, இத்தாலியனின் ‘ஒஸ்ஸெஸ்ஸியோனே’ எல்லாம் அதே வீடு. கோட்டையை வளைக்கும் வேலைக்குப் புதிய வினைகள் வந்தன. அவற்றில் முக்கியமானவை மூன்று குடும்பங்கள்.

முதலாவது, பேச்சு லத்தீனில் ‘அஸ்ஸெதிகாரே’ என்று இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கும் வடிவம். அதிலிருந்து பிரெஞ்சின் ‘அசியேஷே’, கத்தலானின் ‘அசெட்ஜா’. இரண்டும் தூரத்துச் சொந்தம் மாதிரித் தெரிந்தால், தீர்ப்பளிப்பதற்கான வினையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: லத்தீனில் ‘யூதிகாரே’, பிரெஞ்சில் ‘ஷூஷே’, கத்தலானில் ‘ஜுட்ஜா’. அதே தேய்மானம், அதே இடத்தில். இந்த ஜோடியைப் பிடித்துவிட்டால் பிரெஞ்சு தெரிந்தவர்கள் கத்தலான் வடிவத்தை ஊகித்தே எழுதிவிடலாம்.

இரண்டாவது குடும்பம், முற்றுகை என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானியத்தில் ‘அசெதியார்’, இத்தாலியனில் ‘அஸ்ஸெதியாரே’, போர்ச்சுகீசியத்தில் ‘அசெதியார்’. ருமேனியனின் ‘அசெதியா’ பிற்காலத்தில் இத்தாலியனிடம் வாங்கிய கடன்.

மூன்றாவது, வட்டம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த ‘செர்கார்’. ஸ்பானியத்திலும் போர்ச்சுகீசியத்திலும் இதற்குச் சுற்றி வளைப்பது என்று பொருள். ஆனால் இதே வினை கத்தலானில் தேடுவது, இத்தாலியனில் ‘செர்காரே’ என்றாலும் தேடுவது, பிரெஞ்சின் ‘ஷெர்ஷே’வும் அதேதான். சுற்றிச் சுற்றி வந்தவர்களில் பாதிப் பேர் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. ஸ்பானியம் படித்துவிட்டுக் கத்தலான் பக்கம் போகிறவர்கள் இங்கே உஷாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் தொலைந்த சாவியை முற்றுகையிட வேண்டி வரும்.

பிரெஞ்சு: இரண்டு வளைவு, இரண்டும் எழுத்தில்

மூல வடிவம் ‘அசியேஷே’. நடுவில் வரும் இ எழுத்தின் தலையில் வலப்பக்கம் ஏறும் கோடு, அதாவது அக்சான் தேகூ. ஈற்று ஒலிக்காமல் மௌனமாகிவிடும் வடிவங்களில் அந்தக் கோடு திசை மாறி வலப்பக்கம் இறங்கும் கோடாகிவிடும், அக்சான் க்ராவ். ஒலியும் ‘ஏ’யிலிருந்து ‘எ’ பக்கம் திறந்துகொள்ளும். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நாலு பேருக்கும் ஒரே ஒலி, ‘அசியெஷ்’. ‘நாங்கள்’ வந்தால் ‘அசியேஷோன்’, ‘நீங்கள்’ வந்தால் ‘அசியேஷே’, அங்கே பழைய கோடே திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது வளைவு ஜி எழுத்தில். பிரெஞ்சில் ஏ, ஓ, யு எழுத்துகளுக்கு முன்னால் ஜி வந்தால் ‘க’ என்று கெட்டியாகிவிடும். ‘ஷ’ ஒலியைக் காப்பாற்ற நடுவில் ஒரு வெறும் இ-யைச் செருகுவார்கள். ‘அசியேஷோன்’ எழுதும்போது ஜி, இ, ஓ என்று வரும். ‘அவன் முற்றுகையிட்டான்’ என்பதற்கான ‘அசியேஷா’விலும் ஜி, இ, ஏ. ஆனால் ‘அவர்கள் முற்றுகையிட்டார்கள்’, ‘அசியேஷெர்’, அங்கே ஏற்கெனவே ஓர் இ இருப்பதால் கூடுதலாக எதுவும் வேண்டாம்.

வரலாற்று நூல்களில் உங்களுக்கு அதிகம் தட்டுப்படப் போவது இந்தக் கடைசி இரண்டும்தான், பாஸே சாம்ப்ள் என்ற எழுத்துவழி இறந்தகாலம். பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை என்று சொல்லி வகுப்பில் இதைத் தள்ளிவிடுவார்கள், ஆனால் முற்றுகையைப் பற்றி நாம் பேசவா போகிறோம், படிக்கத்தானே போகிறோம். அதனால் நிகழ்காலத்தை விட இதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

எதிர்காலத்தில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. பழைய எழுத்துமுறையில் ஏறும் கோடு, 1990இல் வந்த திருத்தத்தில் இறங்கும் கோடு. இரண்டும் செல்லும். எந்த நூலில் எதைப் பார்த்தாலும் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். ‘பாதுகாப்பது’ என்ற பொருளுள்ள ‘ப்ரொத்தேஷே’ தெரியும் என்றால் எல்லா வடிவமும் அச்சு அசல் அதேதான்.

பிரெஞ்சில் பயிற்சி எடுக்கப் புதுச்சேரி நல்ல இடம். 1748இல் ஆங்கிலேய அட்மிரல் போஸ்கவென் முற்றுகையிட்டார், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே தாக்குப்பிடித்தார். பிறகு ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் முற்றுகையிட்டபோது ஊர் தாங்கவில்லை, 1761 ஜனவரியில் சரணடைந்தது. முதல் சம்பவத்தை நிகழ்காலத்தில் எழுதிப் பாருங்கள்: ‘லேஸ் ஆங்கிலே அசியெஷ் போந்திஷேரி’. ஆங்கிலேயர்கள் பன்மை, அதனால் வினையின் கடைசியில் இ, என், டி என்று மூன்று எழுத்து வரும், மூன்றும் வாயில் வராது. இறந்தகாலத்தில் மாற்றினால் ‘அசியேஷெர்’. போஸ்கவெனை மட்டும் எழுவாயாக வைத்தால் ‘அசியேஷா’.

ஸ்பானியம்: ஒரு கோடு போட்டால் ஆளே மாறிவிடுவார்

ஸ்பானியத்தில் மூன்று வினைகள் ஒரே வேலையைச் செய்கின்றன: ‘அசெதியார்’, ‘சித்தியார்’, ‘செர்கார்’ (ஸ்பெயினில் ‘தெர்கார்’ என்று நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்வார்கள்). பொருளில் பெரிய வித்தியாசம் தேட வேண்டாம். நடிகையைப் பத்திரிகையாளர்கள் மொய்த்துக்கொண்டால் பெரும்பாலும் முதலாவது.

வளைவு அழுத்தத்தில் இருக்கிறது. ‘சித்தியோ’ என்ற வடிவத்தை எடுத்துக்கொள்வோம். முதல் அசையில் அழுத்தினால் ‘நான் முற்றுகையிடுகிறேன்’, அல்லது முற்றுகை என்ற பெயர்ச்சொல், அல்லது வெறுமனே ‘இடம்’, இப்போதெல்லாம் இணையதளமும்கூட. கடைசி அசையில் அழுத்தி ஓ எழுத்தின் தலையில் கோடு போட்டால் ‘அவன் முற்றுகையிட்டான்’. மற்ற இரண்டு வினைகளிலும் இதே கதைதான். அவசரமாகப் படிக்கும்போது அந்தக் கோட்டைத் தவறவிட்டால், வாக்கியத்தில் முற்றுகையிட்டவன் யார் என்றே தெரியாமல் போகும். பன்மையில் இந்தத் தொல்லை இல்லை: ‘அசெதியாரோன்’, ‘சித்தியாரோன்’, ‘செர்காரோன்’, எல்லாம் ‘-ஆரோன்’.

‘செர்கார்’ மட்டும் இன்னொரு இடத்தில் வளையும். ‘நான் முற்றுகையிட்டேன்’ என்பது ‘செர்கே’, எழுத்தில் சி போய் க்யூ, யு வரும், ‘க’ ஒலியைக் காப்பாற்ற.

நெப்போலியன் படை ஸரகோஸாவை 1808இலும், பிறகு 1808 டிசம்பரிலிருந்து 1809 பிப்ரவரி வரையும் இரண்டு தடவை முற்றுகையிட்டது. அதனால் அங்கே அதைப் பன்மையில் ‘லோஸ் சித்தியோஸ்’ என்றே சொல்வார்கள். செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு ‘எஸ்தாதோ தெ சித்தியோ’ கண்ணில் படும். நேரடியாகச் சொன்னால் முற்றுகை நிலை, நடைமுறையில் நெருக்கடி நிலைப் பிரகடனம். 2001 டிசம்பரில் அர்ஜென்டினாவில் அதிபர் தெ லா ருவா அறிவித்தது இதைத்தான். எந்தப் படையும் எந்த ஊரையும் வளைக்கவில்லை.

இத்தாலியன்: ஐ எழுத்து எத்தனை?

‘அஸ்ஸெதியாரே’. எஸ் இரட்டை, சொல்லும்போதும் அழுத்தியே சொல்ல வேண்டும். வினையின் தண்டு ஐ-யில் முடிகிறது, விகுதியும் ஐ-யில் தொடங்கினால் இரண்டு ஐ எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ‘நீ முற்றுகையிடுகிறாய்’ என்பது ‘அஸ்ஸேதி’, ஒரே ஐ. ‘நாங்கள்’ என்பதற்கு ‘அஸ்ஸெதியாமோ’, அங்கேயும் ஒன்றுதான். ஆனால் எதிர்காலத்தில் ஐ போகாது: ‘அஸ்ஸெதியெரோ’. ‘சாப்பிடு’ என்ற ‘மாஞ்ஜாரே’யில் எதிர்காலத்தில் ஐ விழுந்துவிடும் என்று படித்தவர்கள் அதே பழக்கத்தில் இங்கேயும் விழவைத்துவிடுவார்கள். அங்கே ஐ ஒலிக்காத எழுத்து, இங்கே ஒலிக்கும் எழுத்து. வித்தியாசம் அவ்வளவுதான்.

இறந்தகாலத்தில் ‘அஸ்ஸெதியோ’ (கடைசியில் அழுத்தம், கோடு உண்டு), பன்மையில் ‘அஸ்ஸெதியாரொனோ’. கொஞ்சம் பழைய நடையில் எழுதுகிறவர்கள் இந்த வினையை நேரடியாகப் போடாமல் ‘சின்ஸெ தஸ்ஸேதியோ’ என்பார்கள், ‘முற்றுகையால் கச்சை கட்டினான்’ என்கிற மாதிரி. நகரத்தின் இடுப்பில் படையை இறுக்கிக் கட்டுவது. எனக்கு ஆறு மொழியிலும் பிடித்த தொடர் இது. அகராதியில் தேடுவதாக இருந்தால் மூல வடிவம் ‘சின்ஜெரே’.

போர்ச்சுகீசியம்: இந்த வினையைப் பார்த்து எடுங்கள்

இங்கே வடிவத்தை விடப் பொருளில்தான் சிக்கல். ‘அசெதியார்’ என்ற வினை இருக்கிறது, அகராதியில் முற்றுகை என்ற பொருளும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஒரு போர்ச்சுகீசியர் அல்லது பிரேசில்காரர் காதில் அது முதலில் தொல்லை கொடுப்பதாகத்தான் விழும். ‘அசேதியு செக்சுவல்’ என்றால் பாலியல் தொல்லை, பிரேசிலில் 2001இல் தண்டனைச் சட்டத்திலேயே இந்தப் பெயரில் சேர்ந்துவிட்டது. அலுவலகத்தில் ஆளை நச்சரித்து நோகடிப்பது ‘அசேதியு மொரால்’. கோட்டையைப் பற்றி எழுதும்போது ‘செர்கார்’ எடுங்கள், அல்லது ‘சித்தியார்’.

வரலாற்றில் வரும் பெயர்களும் அப்படித்தான்: 1147இல் லிஸ்பன், 1832-33இல் போர்த்தோ, நம் பக்கத்தில் 1538லும் 1546லும் டையூ, 1655-56இல் டச்சுக்காரர்கள் வளைத்த கொழும்பு, எல்லாமே ‘செர்கு’. கொழும்பைப் பொறுத்தவரை போர்ச்சுகீசியர்கள் உள்ளே மாட்டிக்கொண்ட கட்சி, அதனால் செயப்பாட்டு வினையை அங்கே நிறையப் பார்க்கலாம். இறந்தகாலம் ஒருமை ‘செர்கோ’ (எழுத்தில் ஓ, யு), பன்மை ‘செர்காரௌன்’ (கடைசி ஒலி மூக்கில்).

வளைவு என்று பார்த்தால், பெயர்ச்சொல்லுக்கும் வினைக்கும் அழுத்தம் வேறு. முற்றுகை ‘சீத்தியு’, ‘நான் முற்றுகையிடுகிறேன்’ என்பது ‘சித்தீயு’. ஸ்பானியத்தில் இரண்டும் ஒன்று, இங்கே வேறு. தவிர, ‘வெறு’ என்ற ‘ஒதியார்’ போன்ற சில வினைகளில் நடுவில் ‘எய்’ ஒலி புகுந்து ‘ஒதெயு’ ஆகும். அதைப் பார்த்துவிட்டு ‘அசெதியார்’ வினைக்கும் அப்படிச் செய்யாதீர்கள், இது ஒழுங்கான வினை.

கத்தலான்: ‘போகிறான்’ என்றால் போய்விட்டான்

‘அசெட்ஜா’. கடைசியில் ஆர் எழுத்து உண்டு, பார்சிலோனாவில் ஒலிக்காது. எழுத்து வளைவு எளிது: ஏ, ஓ முன்னால் டி-யும் ஜே-யும், இ, ஐ முன்னால் டி-யும் ஜி-யும். ஒலி மாறவே மாறாது.

உண்மையான பொறி இறந்தகாலத்தில். ‘அவன் முற்றுகையிட்டான்’ என்பதற்குக் கத்தலானில் சாதாரணமாக ‘வா அசெட்ஜா’ என்பார்கள். ‘வா’ என்பது ‘போகிறான்’. பிரெஞ்சில் ‘வா அசியேஷே’ என்றால் ‘முற்றுகையிடப் போகிறான்’. ஸ்பானியத்திலும் நடுவில் ஓர் ‘ஆ’ சேர்த்து இதே பொருள். கத்தலானில் மட்டும் நேர் எதிர், வேலை முடிந்துவிட்டது. 1713இல் தொடங்கிய பார்சிலோனா முற்றுகை 1714 செப்டம்பர் 11இல் ஊர் வீழ்ந்து முடிந்தது. அந்த வரலாற்றைக் கத்தலானில் படிக்கும்போது பக்கத்துக்குப் பத்து ‘வா’, ‘வான்’ வரும். ஸ்பானியக் கண்ணோடு படித்தால் எல்லோரும் ஏதோ செய்யப் போகிறார்கள், யாரும் எதையும் செய்யவே இல்லை என்று தோன்றும்.

முற்றுகை ‘செட்ஜ’. ‘அசெட்ஜமென்’ என்று நீண்டால் போர்ச்சுகீசியம் மாதிரியே தொல்லை, துன்புறுத்தல். பள்ளியில் சக மாணவனைச் சீண்டுவதற்கும் அதே சொல்.

ருமேனியன்

‘அசெதியா’. நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நாலு பேருக்கும் தண்டுக்கும் விகுதிக்கும் நடுவே ஒரு கூடுதல் துண்டு வரும்: ‘அசெதியெஸ்’, ‘அசெதியெஸி’, ‘அசெதியாஸ’. அவனுக்கும் அவர்களுக்கும் கடைசி வடிவமே. நாங்கள், நீங்கள் வந்தால் அந்தத் துண்டு காணாமல் போகும்: ‘அசெதியெம்’, ‘அசெதியாட்ஸ்’. இறந்தகாலம் ரொம்ப எளிது, ‘ஆ அசெதியாட்’ ஒருமை, ‘ஆவ் அசெதியாட்’ பன்மை. பழைய நடையில் ‘இம்ப்ரெசுரா’ என்ற வேறொரு வினையும் வரும், அதுவும் வளைத்துக்கொள்வதுதான்.

ஒரு வாக்கியத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

‘நகரம் முற்றுகையிடப்பட்டது’. பிரெஞ்சில் ‘லா வீல் ஃப்யு அசியேஷே’, ஸ்பானியத்தில் ‘லா சியுதாத் ஃபுயே சித்தியாதா’, இத்தாலியனில் ‘லா சித்தா ஃபு அஸ்ஸெதியாதா’, போர்ச்சுகீசியத்தில் ‘ஆ சிதாதெ ஃபொய் செர்காதா’, கத்தலானில் ‘லா சியுதாத் வா செர் அசெட்ஜாத’. ருமேனியனில் கோட்டைநகரத்துக்கான சொல்லை வைத்து ‘செதாத்தெயா ஆ ஃபோஸ்ட் அசெதியாத்த’. ஆறிலும் நகரம் பெண்பால், அதனால் வினையெச்சமும் பெண்பால் விகுதி எடுக்கிறது. பிரெஞ்சில் மட்டும் அது காதுக்குக் கேட்காது. எழுத்தில் கடைசியில் இன்னோர் இ சேர்க்க வேண்டும், மறந்தால் எழுத்துத் தேர்வில் மதிப்பெண் போகும்.

அப்புறம், ஒட்டோமான் சுல்தான் சுலைமான் 1529இல் வியன்னாவை முற்றுகையிட்ட கதையை விக்கிப்பீடியாவில் எடுத்து, மொழி மாற்றும் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். தலைப்பு எந்தச் சொல்லில் இருக்கிறது, முதல் பத்தியில் எந்த வினை வருகிறது என்று மட்டும் பார்த்தால் போதும், முழுசாகப் படிக்க வேண்டாம். மழையும் குளிரும் சேர்ந்துகொள்ள அக்டோபரில் அவர் திரும்பிப் போகும் இடத்தைத் தேடுங்கள், அங்கேதான் இந்த வினையின் மறுபாதி இருக்கும். நாம் முற்றுகையைக் கைவிடுவோம், விலக்கிக்கொள்வோம். இந்த மொழிகளில் முற்றுகையைத் தூக்குவார்கள்: ஸ்பானியத்தில் ‘லெவாந்தோ எல் சித்தியோ’, போர்ச்சுகீசியத்தில் ‘லெவாந்தோ உ செர்கு’, கத்தலானில் ‘வா அஷெகா எல் செட்ஜ’, ருமேனியனில் ‘ஆ ரிதிகாட் அசெதியுல்’, பிரெஞ்சில் ‘லெவா ல சியெஷ்’. பிரெஞ்சுத் தொடரை வீட்டுப் பேச்சிலும் கேட்கலாம். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்த விருந்தாளி ஒருவழியாகக் கிளம்பினால் அதற்கும் அதேதான்.